நான்கு வாரப் படிப்புக்கு நாற்பது நாள் ஆயத்தம்

கடலூர் மாவட்டத்தில், வீராணம் ஏரிப் பாசனத்தை நம்பியிருக்கும் ஊர் ஒன்றின் காலனியில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு படிப்பகம் நடத்திவருகிறோம். ஓட்டு வீடு, நான்கு பெஞ்சு, ஒரு கரும்பலகை, சுவரில் அண்ணல் அம்பேத்கர் படம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கு வரும் பிள்ளைகளில் மூன்று பேர், சென்னை ஐஐடி இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்பின் தகுதிச் சுற்றுக்குப் பதிவு செய்தார்கள். தெருவே பெருமைப்பட்டது. மூன்றாவது வாரம் முடிவதற்குள் மூவரும் நின்றுவிட்டார்கள். நின்றதை ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து நாங்களாகக் கேட்டபோதுதான் தெரிந்தது.

அன்று எங்கள் வாயில் வந்த சொல், "ஆர்வம் பத்தாது" என்பதுதான். பள்ளிக்கூடத்தில் நம்மைப் பார்த்து எத்தனையோ ஆசிரியர்கள் சொன்ன அதே சொல். அது எங்கள் வாயிலிருந்தே வந்ததை உணர்ந்த பிறகு, மூன்று வீட்டுக்கும் நேரில் போய் உட்கார்ந்து கேட்டோம்.

மாணவியின் வீட்டில் கதை இதுதான். இரண்டாவது வாரம் சம்பா நடவு வந்துவிட்டது. ஆள் பற்றாக்குறை. அம்மாவோடு அவரும் வயலுக்குப் போனார். மாலை வந்து தண்ணீர் பிடித்து, சோறு வடித்து முடித்தால் கண் சொருகிவிடும். இரண்டாமவர் துணிக்கடையில் வேலை பார்ப்பவர். இரவு 9 மணிக்குத்தான் கடையை விட்டு வருவார். அசைன்மென்ட் அனுப்ப வேண்டிய கடைசி இரவில் நெட் தீர்ந்துவிட்டது. மூன்றாமவர் தமிழ் வழியில் படித்து, பிளஸ் டூ கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "வீடியோவுல பேசுற இங்கிலீஷ் புரியல அண்ணா. புரியலைன்னு யாருகிட்ட சொல்றது? சொன்னா, இதுகூடத் தெரியாதாம்பாங்க."

மூன்று பேருக்கும் மூளை இருந்தது. நேரம் இல்லை, நெட் இல்லை, வெட்கப்படாமல் கேட்க ஆள் இல்லை. இந்த மூன்றையும் படிப்பு தொடங்கிய பிறகு தேட முடியாது. தொடங்குவதற்கு முன்பே ஏற்பாடு செய்துவைக்க வேண்டும். நாங்கள் கற்றுக்கொண்டது இதுதான். மறுமுறை என்ன செய்தோம் என்பதை, மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கும் படிப்பகங்களுக்கும் உதவும் என்று எழுதுகிறோம்.

இது என்ன படிப்பு?

சென்னை ஐஐடி இந்தப் படிப்பை 2020-இல் அறிவித்தது. இதில் சேர ஜேஇஇ எழுத வேண்டியதில்லை. தகுதிச் சுற்றில் நான்கு வாரம் நான்கு பாடங்கள் நடக்கும்: ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணினிவழிச் சிந்தனை. ஒவ்வொரு வாரமும் வீடியோப் பாடங்கள் வரும். குறித்த தேதிக்குள் அசைன்மென்ட் அனுப்ப வேண்டும். அதில் குறைந்தபட்ச சராசரி வந்தால்தான் தகுதித் தேர்வு எழுத விடுவார்கள். அந்தத் தேர்வு நேரடியாக மையத்துக்குப் போய் நான்கு மணி நேரம் எழுதுவது. அதில் தேறிய எல்லோருக்கும் இடம் உண்டு. இத்தனை சீட்டுதான் என்ற எல்லை இல்லை. பட்டியல் வகுப்பினருக்கு விண்ணப்பக் கட்டணத்தில் பாதியும், படிப்புக் கட்டணத்தில் 50 விழுக்காடும் சலுகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் 75 விழுக்காடு வரை சலுகை. கட்டணமும் விதிகளும் அவ்வப்போது மாறும் என்பதால், விண்ணப்பிக்கும்போது அந்தப் பருவத்தின் அறிவிப்பை முழுதாகப் படித்துவிடுங்கள்.

படிப்பின் கனம் எவ்வளவு என்பதை முதலில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பாடத்துக்கு வாரத்துக்குச் சுமார் 10 மணி நேரம். நான்கு பாடத்துக்கு 40 மணி நேரம். இது ஒரு முழுநேர வேலை. செல்போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று முதல்முறை நாங்கள் நினைத்தது இந்தக் கணக்கைப் போடாததால்தான்.

தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 கணக்குப்படி, இந்தியாவின் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தவை 4.4 விழுக்காடு, இணைய வசதி இருந்தவை 14.9 விழுக்காடு. அதன்பிறகு செல்போன் பெருகியிருக்கிறது. ஆனால் வீட்டுக்கு ஒரு செல்போன் என்றால், அது அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போகும் செல்போன். படிக்கிற பிள்ளையின் கைக்கு அது இரவில்தான் வரும்.

வீட்டில் நேரம் கேட்டு வாங்குவது

மறுமுறை நாங்கள் முதலில் கூட்டியது பெற்றோர்களைத்தான். ஒரு ஞாயிறு இரவு படிப்பகத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, கரும்பலகையில் அந்த 40 மணி நேரத்தை எழுதிக் காட்டினோம். வார நாளில் விடியற்காலை 4.30 முதல் 6.30 வரை, இரவு 7 முதல் 10 வரை. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம். ஐந்து நாளுக்கு 25. சனிக்கிழமை 7, ஞாயிற்றுக்கிழமை 8. மொத்தம் 40. இந்த நேரத்தில் பிள்ளை தண்ணீர் பிடிக்கப் போகாது, தம்பியைப் பார்த்துக்கொள்ளாது, கடைக்குப் போகாது. நான்கு வாரத்துக்கு மட்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சு மிக மிக அவசியம். ஆண் பிள்ளை படிக்க உட்கார்ந்தால் வீடு அமைதியாகும். பெண் பிள்ளை உட்கார்ந்தால் ஏதாவது ஒரு வேலை அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அன்று ஒரு தாய் எழுந்து கேட்டார்: "நாலு வாரந்தானே, நான் பாத்துக்கறேன். அதுக்கப்புறம் என்ன வேலை கெடைக்கும், அதச் சொல்லுங்க."

சரியான கேள்வி. பொய் சொல்லாமல் பதில் சொன்னோம். இந்த நான்கு வாரம் வாசற்படிதான். உள்ளே போனால் அடித்தள நிலையில் எட்டுப் பாடம், பிறகு டிப்ளமோ, பிறகு பட்டம். ஆண்டுக்கணக்கில் ஆகும். நடுவில் நிறுத்த நேர்ந்தால் அதுவரை முடித்த நிலைக்கு ஏற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். வேலைக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. நிரலாக்கப் பாடங்கள் வரும்போது செல்போன் போதாது, கணினி வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. அந்தத் தாய் கொஞ்ச நேரம் யோசித்து, "சரி, படிக்கட்டும்" என்றார். உண்மையைச் சொல்லிக் கேட்டால் நம் வீடுகள் நேரம் தரும்.

துணிக்கடையில் வேலை பார்க்கும் தம்பிக்காகக் கடைக்காரரிடமும் போய்ப் பேசினோம். நான்கு வாரம் மாலை 6 மணிக்கே அனுப்பிவிடுவதாகவும், அந்த நேரத்துக்கான சம்பளத்தைப் பிடித்துக்கொள்வதாகவும் சொன்னார். பிடித்த தொகையைத் தெருவில் அரசு வேலையில் இருக்கும் இரண்டு பேர் ஈடுகட்டினார்கள். படிப்புச் செலவு என்றால் கட்டணம் மட்டும் இல்லை. விட்ட கூலியும் செலவுதான்.

பாடம் நம் புத்தகத்தில் இருக்கிறது

ஐஐடி பாடம் என்றதும் வானத்திலிருந்து வருவதாக நம் பிள்ளைகள் மிரளுகிறார்கள். கணிதப் பாடத்தின் நான்கு வாரப் பகுதியைப் பிரித்துப் பாருங்கள்: கணங்கள், உறவுகளும் சார்புகளும், நேர்க்கோடுகள், இருபடிச் சார்புகள், பல்லுறுப்புக் கோவைகள். இவற்றின் அடிப்படை நம் அரசுப் பாடநூலிலேயே தமிழில் இருக்கிறது. கணமொழி ஒன்பதாம் வகுப்பில், உறவுகளும் சார்புகளும் பத்தாம் வகுப்பில், ஆயத்தொலை வடிவியல் இரண்டு வகுப்பிலும். புள்ளியியலில் வரும் சராசரி, இடைநிலை, திட்டவிலக்கம் எல்லாம் நாம் முன்பே போட்ட கணக்குதான். ஒட்டுறவு பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் இருக்கிறது. இந்தப் புத்தகங்களைப் பழைய மாணவர்களிடம் வாங்கி, தொடங்குவதற்கு நாற்பது நாள் முன்பே வரிசையாகப் போட்டு முடித்தோம்.

அடுத்தது இரட்டைச் சொல் நோட்டு. பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் தமிழ்ச் சொல்லும் மறுபக்கம் வீடியோவில் காதில் விழப்போகிற சொல்லும் எழுதச் சொன்னோம். கணம் என்றால் செட், சார்பு என்றால் பங்ஷன், சாய்வு என்றால் ஸ்லோப், மாறி என்றால் வேரியபிள், திட்டவிலக்கம் என்றால் ஸ்டாண்டர்ட் டீவியேஷன். இருநூறு சொல் சேர்ந்தது. போன முறை தலை குனிந்த தம்பி இந்த நோட்டை முடித்த பிறகு சொன்னார்: "எல்லாம் தெரிஞ்சதுதான் அண்ணா, வேற பேருல வருது." தமிழ் வழியில் படித்தது குறை இல்லை. அதற்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் ஒரு பாலம் போட யாரும் இல்லாததுதான் குறை.

கணினிவழிச் சிந்தனை என்ற பாடம் பெயரைக் கேட்டால்தான் பயம். அதில் முதலில் கணினியே வேண்டாம். மாணவர்களின் மதிப்பெண் எழுதிய அட்டைகள், கடை பில்கள் போன்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எண்ணி, பிரித்து, எப்படி விடை கண்டுபிடிப்பது என்று சொல்லிக்கொடுப்பார்கள். நாங்கள் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் மதிப்பெண் எழுதி முப்பது அட்டை செய்தோம். "கணக்கில் அதிக மதிப்பெண் வாங்கியவர் யார், பார்த்துச் சொல். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு அட்டையைத்தான் பார்க்கலாம்." இதை விளையாட்டுபோலச் செய்து, செய்த முறையைப் படிப்படியாகக் கரும்பலகையில் எழுதவைத்தோம். பிறகு வீடியோவைப் பார்த்தபோது அவர்களுக்கு அது பழகிய இடமாக இருந்தது.

முதலில் வெள்ளோட்டம்

வாரக் கெடுவுக்குள் வேலை முடிப்பது ஒரு பழக்கம். அது நம் பள்ளிகளில் வருவதில்லை. அங்கு ஆண்டுக் கடைசியில் ஒரே மூச்சில் படிப்போம். இணையப் படிப்பில் அந்த வித்தை எடுபடாது. எனவே உண்மையான படிப்புக்கு முன் ஒரு வெள்ளோட்டம் விட்டோம்.

அதற்கு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்கள் உதவும். பாடத்தில் சேரக் கட்டணம் இல்லை. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். இதன் மதிப்பெண் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டுகளின் சராசரிக்கு 25 மதிப்பெண், நேரடித் தேர்வுக்கு 75. சான்றிதழுக்கு அசைன்மென்ட்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 வேண்டும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் முழுப் பாடத்தையும் முடித்துச் சான்றிதழ் வாங்கலாம். எங்களுக்கு வேண்டியது பழக்கம் மட்டும் என்பதால், ஒரு பாடத்தில் சேர்ந்து மூன்று வாரம் மட்டும் அசைன்மென்ட் அனுப்பினோம். கடவுச்சொல்லை மறப்பது, விடையைக் குறித்துவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்த மறப்பது, கடைசி நேரத்தில் நெட் சுற்றிக்கொண்டே இருப்பது என எல்லாத் தவறும் அங்கேயே நடந்து முடிந்தது. அதிலிருந்து ஒரு விதி வைத்தோம்: கெடு எந்த நாளோ, நமக்கு அதற்கு இரண்டு நாள் முன்பே கெடு.

காகிதங்களும் நெட்டும்

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டும் இல்லாமல் சலுகை இல்லை. ஆதாரில் ஒரு இனிஷியல், மதிப்பெண் பட்டியலில் வேறு இனிஷியல் என்று இருக்கும். அதைச் சரிசெய்யவே வாரங்கள் ஓடிவிடும். நாற்பது நாள் முன்பே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். இந்தப் படிப்பில் சேரும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தாட்கோ உதவி அறிவித்ததும் உண்டு. மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் நேரில் கேட்டுப் பாருங்கள்.

நெட்டுக்கு நாங்கள் செய்தது எளிய வழி. தெருவில் கைப்பேசிச் சிக்னல் நன்றாக வரும் வீட்டு மாடியைப் பகலில் கண்டுபிடித்து வைத்தோம். படிப்பகத்துக்கென ஒரு சிம், நான்கு வாரத்துக்கு முன்பணமாக ரீசார்ஜ். விலையில்லா மடிக்கணினி வாங்கிய பழைய மாணவர் ஒருவர் தன் மடிக்கணினியைக் கொடுத்தார். அக்டோபர், நவம்பர் நம் மாவட்டத்துக்கு மழைக்காலம். கரண்ட் போகும், வெள்ளம் வரும், நடவும் வரும். ஆண்டுக்கு ஜனவரி, மே, செப்டம்பர் என மூன்று பருவங்களில் சேர்க்கை நடக்கிறது. அந்த நான்கு வாரம் நடவிலும் மழையிலும் விழாதபடி பார்த்துப் பருவத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

தனியாக உட்காராதீர்கள்

பழைய மூவரும், பிளஸ் டூ முடித்த ஒரு மாணவியும் சேர்ந்து நான்கு பேராக உட்கார்ந்தார்கள். ஒரே மேசை. வீடியோவை ஒருவர் நிறுத்தினால் நால்வருக்கும் நிற்கும். புரியாத இடத்தை அன்றன்றே ஒரு சிலேட்டில் எழுதிவைக்க வேண்டும். சனிக்கிழமை மாலை, அரசுக் கல்லூரியில் கணிதம் முதுகலை படிக்கும் நம் தெருப் பெண் வந்து அந்தச் சிலேட்டைத் துடைத்துக் கொடுப்பார். ஒரு விதி கண்டிப்பாக இருந்தது: யார் கேட்ட கேள்விக்கும் யாரும் சிரிக்கக் கூடாது. அசைன்மென்ட்டை மட்டும் ஒருவரைப் பார்த்து ஒருவர் போடக் கூடாது. பாடம் சேர்ந்து, விடை தனித்தனி. பார்த்துப் போட்டவருக்கு நேரடித் தேர்வில் கை நடுங்கும்.

கேள்வி கேட்க நம் பிள்ளைகள் வெட்கப்படுவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. வகுப்பில் ஓரமாக உட்காரவைக்கப்பட்ட சமூகம் கையைத் தூக்கிக் கேட்கப் பழகவில்லை. இதே மாவட்டத்தில் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, நம் பிள்ளைகள் தலை நிமிர்ந்து உட்கார ஓர் இடம் உண்டாக்கினார். இன்று வகுப்பறை செல்போனுக்குள் வந்துவிட்டது. அங்கே நம்மை யாரும் ஓரமாக உட்காரச் சொல்வதில்லை. ஆனால் நம் பிள்ளை தனியாக இருந்தால், தானே ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் படிப்பகம் இன்றும் தேவைப்படுகிறது.

முடிவு வந்த நாள்

நால்வரும் அசைன்மென்ட் சராசரியைத் தாண்டித் தேர்வு எழுதினார்கள். பட்டியல் வகுப்பினருக்குத் தேர்ச்சி மதிப்பெண்ணில் தளர்வு உண்டு. அது நம் உரிமை. ஆனால் அதை இலக்காக வைக்க வேண்டாம் என்று முதலிலேயே பேசியிருந்தோம். உள்ளே போன பிறகு வரும் பாடங்கள் இதைவிடக் கடினம். அடித்தளம் வலுவாக இருந்தால்தான் அங்கே நிற்க முடியும். மூன்று பேர் தேறினார்கள். நடவுக்குப் போன மாணவி, தமிழ் வழித் தம்பி, புதிதாகச் சேர்ந்த மாணவி. துணிக்கடைத் தம்பி புள்ளியியலில் தவறிவிட்டார்.

அண்ணல் அம்பேத்கர் 1916-இல் லண்டனுக்குப் படிக்கப் போனவர். பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால், ஆய்வை முடிக்காமலேயே 1917-இல் ஊர் திரும்ப நேர்ந்தது. மீண்டும் வந்து படிக்க அனுமதி வாங்கிக்கொண்டுதான் கப்பல் ஏறினார். பம்பாயில் கல்லூரிப் பேராசிரியராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, 1920-இல் திரும்பப் போனார். 1923-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் டிஎஸ்சி பட்டத்தை முடித்தார். அவர் வாங்கிய பட்டங்களை நம் பிள்ளைகளுக்கு அடுக்கிச் சொல்கிறோம். நடுவில் நின்று, திரும்பப் போன அந்த மூன்று ஆண்டுகளைச் சொல்ல மறந்துவிடுகிறோம். நம் பிள்ளைகளுக்கு அதிகம் வேண்டியது அந்த மூன்று ஆண்டுகளின் கதைதான்.

முடிவு வந்த அன்று மாலை துணிக்கடைத் தம்பி நேரே படிப்பகத்துக்கு வந்தார். முதல்முறை ஒரு மாதம் எங்கள் கண்ணில் படாமல் ஒளிந்திருந்தவர் அவர். இந்த முறை பெஞ்சில் உட்கார்ந்து, சிலேட்டை எடுத்து, தவறிய கணக்குகளை எழுதிவிட்டுச் சொன்னார்: "அக்கா சனிக்கிழமை வருவாங்களா? இத மறுபடி போடணும்." அடுத்த பருவத் தேர்வுக்கு அவர் இப்போது ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவர் போன முறை நடவு வயலிலிருந்து திரும்பி வந்து தேறிய மாணவி.

உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஒரு மேசை இருந்தால், பட்டம் முடித்த ஒருவர் வாரத்தில் ஒரு மாலை வந்தால், நான்கு வீடுகள் நான்கு வாரத்துக்கு நேரம் கொடுத்தால் போதும். பருவம் தொடங்கும் தேதியைப் பாருங்கள். அதற்கு நாற்பது நாள் முன்பு பெற்றோரைக் கூட்டி உட்காருங்கள்.